குட்டி விமானத்தோட சைலன்சரும் உங்க ரத்தக்குழாயும்

1/ அமராவதி நகர்ல இருந்து ஒரு த்ரெட். 1962-ல தொடங்கின சைனிக் பள்ளி இருக்கிற ஊர் இது. எனக்கு மாடல் விமானம்னா உயிர். அதை வச்சே இன்னைக்கு பிபி பத்தி ஒரு விஷயம் சொல்றேன்.

2/ வானத்துல வட்டம், சதுரம்னு துல்லியமா சாகசம் காட்டுற மாடல் விமானங்களுக்கு உலக அளவுல எஃப்3ஏ-னு தனிப் பிரிவே இருக்கு. இப்ப பெரும்பாலும் பேட்டரி மோட்டார்தான். முன்னாடி மெத்தனால்ல ஓடுற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கோலோச்சுச்சு.

3/ டூ-ஸ்ட்ரோக்ல ஒரு சிக்கல். புகை போற வழி மூடுறதுக்குள்ளயே புது எரிபொருள் உள்ள வந்துடும். கொஞ்சம் எரியாமலே வெளிய ஓடிடும்.

4/ அதுக்குத்தான் நடுவுல விரிஞ்சு, கடைசியில சுருங்குற சைலன்சர். ஆர்எக்ஸ்100 ஓட்டினவங்களுக்குத் தெரியும். புகையோட அழுத்த அலை சுருங்குற இடத்துல மோதித் திரும்பி வந்து, தப்பிச்ச எரிபொருளை உள்ளேயே தள்ளும். கிழக்கு ஜெர்மனியோட வால்டர் காடன் 1950-கள்ல இதை ரேஸ் பைக்ல மெருகேத்தினார்.

5/ எல்லாமே நேரக் கணக்கு. பைப் நீளத்தைக் குறைச்சா அலை சீக்கிரம் திரும்பும். எஞ்சின் அந்த வேகத்துக்கு ஓடலைன்னா, திரும்புற அலை வெளிய போற புகையையே மறிக்கும். எஞ்சின் திணறும்.

6/ இப்ப உங்க நெஞ்சுக்கு வாங்க. இதயம் துடிக்கிறப்போ பெரிய ரத்தக்குழாய்ல இதே மாதிரி ஒரு அலை கிளம்புது. இளவயசுல அதோட வேகம் நொடிக்கு சுமார் 5-6 மீட்டர். கிளைக்குழாய்கள்ல மோதி, இதயம் ஓய்வெடுக்கிற நேரத்துல திரும்பி வரும். இதயத்தசைக்கு ரத்தம் அதிகமாப் பாயுறதும் அந்த நேரத்துலதான். அலையும் அதுக்குக் கைகொடுக்கும்.

7/ வயசு, சுகர், பீடி சிகரெட், கவனிக்காத பிபி: இதெல்லாம் குழாயை விறைப்பாக்கும். அலை நொடிக்கு 10 மீட்டருக்கு மேல ஓடும். இதயம் இன்னும் ரத்தத்தைத் தள்ளிட்டு இருக்கிறப்பவே எதிர்ல வந்து முட்டும். மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும்.

8/ "160/70 தானுங்க டாக்டர், கீழ் எண் நார்மல்தானே? வயசானா இப்படித்தானே?" ஓ.பி.ல அடிக்கடி கேக்குற கேள்வி. இல்லைங்க. மேல் எண் மட்டும் ஏறினாலும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் வரலாம். வேற வேற நாள்ல பாத்தும் 140-க்கு மேலயே இருந்தா டாக்டரைப் பாருங்க.

9/ விமானத்து பைப்பை வெட்டி மாத்திடலாம். உங்க குழாய்க்கு ஸ்பேர் கிடையாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. தினமும் நடை. புகை வேண்டாம். மாத்திரை தொடர்ந்து.

10/ பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்கு ஓடுறவங்களே, பெத்தவங்களுக்கு பிபி பாத்து எவ்வளவு நாளாச்சு? மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, இலவசமா.

11/ "பிபி நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்"னு மட்டும் வந்து நிக்காதீங்க. மாத்திரை போடுறதாலதான் அது நார்மல். நல்லாப் பறக்குற விமானத்தோட எஞ்சினை நடுவானத்துல யாரும் அணைக்கிறதில்லை.