இடக்கரடக்கல்

தகுதி வழக்கினைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதலில் எடுத்துக்கொள்வது இடக்கரடக்கல். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்து வேறொரு சொல்லால் கூறுதல் என்று விளக்கம் தந்து, ‘கால் கழுவி வந்தான்’ என்னும் எடுத்துக்காட்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டால், மாணாக்கர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பர். ஆசிரியரும் சிறிது புன்னகை செய்து அடுத்த வகைக்குச் சென்றுவிடுவார்.

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களின் நடுவே அமைந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், இந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளாகச் சுவையோடு நடத்தி வந்தார். “ஐயா, வெளியே போக வேண்டும்” என்று வகுப்பில் எழுந்து நிற்கும் சிறுவனும் இலக்கணம் அறிந்தவனே என்பார். மலாய்மொழியில் ‘புவாங் ஆயர் பெசார்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பெரிய நீரைக் கழித்தல்’ என்றாகும். அதுவும் இடக்கரடக்கலே என்று சுட்டிக்காட்டுவார். நாகரிகம் வாய்ந்த எந்த மொழியும் இதனை விலக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

2017-ஆம் ஆண்டில் அவருக்கு அகவை ஐம்பத்தாறு. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் மலத்தோடு இரத்தம் கலந்து வரக் கண்டார். மூலம் என்று தாமே தீர்மானித்துக்கொண்டார். மிளகாயைக் குறைத்தார், மோர் அருந்தினார், வாரம் இருமுறை கருணைக்கிழங்கு சமைக்கச் சொன்னார். ஏன் என்று மனைவி வினவியபோது, உடம்புச் சூடு என்றார். இரத்தம் சில நாள் நிற்கும். பின்னர் மீண்டும் வரும். நின்ற நாள்களை அவர் எண்ணிக்கொண்டார். வந்த நாள்களை எண்ணவில்லை.

ஐந்து மாதம் சென்றபின், அரசாங்கக் கிளினிக்கிற்கு நீரிழிவு மருந்து வாங்கச் சென்றபோது, தம் மகளைவிட இளையவரான மருத்துவப் பெண்மணி, வேறேதும் தொல்லை உண்டா என்று வினவினார். “சாக்கிட் பெருட்” என்றார் ஆசிரியர். வயிற்றுவலி என்னும் அந்த இரண்டு சொற்களுக்குமேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வயிற்றுக்கு மாத்திரை கிடைத்தது. கேட்டதற்கு விடை சொல்லாத நோயாளியிடத்தில் மருத்துவர் என்ன செய்ய முடியும்?

எனினும், ஐம்பது வயதைக் கடந்தவர் என்பதால், ஒரு சிறு குப்பியையும் கொடுத்தனுப்பினார்கள். மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இரத்தம் இருப்பினும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. ஐம்பது முதல் எழுபத்தைந்து வயது வரை, நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கென்று மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் நடைபெறுவது. குச்சியால் மலத்தைச் சிறிது தொட்டுக் குப்பியில் இட்டுத் திருப்பிக் கொடுத்தல் ஒன்றே செய்ய வேண்டியது. பழைய முறைச் சோதனைக்கு இறைச்சி முதலியவற்றை விலக்கிப் பத்தியம் காக்க வேண்டியிருந்தது. இப்பொழுதுள்ளது மனித இரத்தத்தின் புரதத்தை மட்டுமே இனங்காண்பதால் அத்தொல்லை இல்லை. கண்ணெதிரே இரத்தம் காண்பவர்க்கு இச்சோதனையே வேண்டுவதில்லை. அவர் நேரே குடலகநோக்கிச் சோதனைக்குச் செல்ல வேண்டியவர். அதைச் சொல்லத்தான் ஆசிரியர்க்கு நா எழவில்லையே!

குப்பி மூன்று வாரம் மேசை இழுப்பறையில் கிடந்தது. திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகளைத் தேடிய மனைவி அதைக் கண்டெடுத்தார்.

“என்னங்க இது? ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்குது.”

“ஒண்ணுமில்லை. அப்புறம் சொல்றேன்.”

அம்மையார் விடவில்லை. கங்காணியின் மகள் அவர். மறைத்த கணக்கை வெளிக்கொணரும் வித்தை பிறப்பிலேயே வாய்த்தது. அரை மணி நேரத்தில் ஐந்து மாதக் கதையும் வெளிவந்தது. மறுநாள் காலையில் அவரே கணவரை அழைத்துச் சென்று, மருத்துவர் முன்னிலையில், “பெராக் பெர்டாரா” என்று கூசாமல் கூறினார். மலத்தில் இரத்தம் என்பதற்கு நேர்ச்சொற்கள் அவை.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவரில் சிறு கட்டிகள் காளான்போல் முளைப்பதுண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை. சில மட்டும், பத்தாண்டளவில் மெல்ல மெல்லப் புற்றாக மாறுகின்றன. புற்றுநோய்களுள் இத்துணை நீண்ட அவகாசம் தருவன சிலவே. 1969-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்னும் மருத்துவர் இருவர், அகநோக்கிக் குழாயினுள் கம்பிச் சுருக்கைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே இக்கட்டிகளை அறுத்தெடுக்கும் முறையைக் கையாண்டனர். அதுமுதல், இந்நோயைக் கண்டறிவதோடு வருமுன் காப்பதும் கைகூடிற்று.

அந்த அவகாசத்தை ஆசிரியர் இழந்துவிட்டிருந்தார். மலக்குடலில் புற்று, அண்மையிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அது தொட்டிருந்தது. மூன்றாம் நிலை. கல்லீரலுக்குப் பரவவில்லை என்பது மட்டும் ஆறுதல். மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 கணக்கின்படி, ஆடவரிடையே முதலிடம் பெற்றது இந்நோயே. ஏறத்தாழப் பத்துப் பேரில் எழுவர் மூன்றாம் நான்காம் நிலைகளில்தான் மருத்துவரை அடைந்தனர். அந்த எழுவருள் எத்தனை பேர் இழுப்பறையில் குப்பியை ஒளித்தவர்களோ!

கல்லாதவரே இவ்வாறு ஏமாறுவர் என எண்ணுதல் பிழை. தமிழகத்தின் முன்னோடி மருத்துவப் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கைக்கு நேர்ந்ததும் இந்த மலக்குடற் புற்றே. முதலில் சீதபேதி என்று கருதி மருத்துவம் செய்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவர் இருந்த குடும்பத்திலேயே நோய் வேறொரு பெயரில் ஒளிந்திருந்தது. 1920-களின் தொடக்கத்தில் தங்கையைப் பறிகொடுத்த அத்துயரம் முப்பதாண்டு அவருள்ளத்தில் கிடந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அக்காலத்திற்குச் சீதபேதி, இக்காலத்திற்கு மூலம். பெயர்தான் வேறு.

ஆசிரியருக்கு ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சை நடந்தது. வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம். உடன் மாத்திரைகளும் உண்டு. மாசாயிலிருந்த தங்கை வீட்டில் தங்கிச் சென்றுவந்தார். சில வாரம் கழித்து அறுவை. மலக்குடலை அதனைச் சூழ்ந்த கொழுப்புறையோடு ஒருசேர அகற்றும் நுட்பத்தை இங்கிலாந்தின் ஹீல்ட் 1982-இல் விளக்கி எழுதினார். அதன் பயனாகப் புற்று அதே இடத்தில் மீண்டும் தோன்றுதல் பெரிதும் குறைந்தது. தைத்த இடம் ஆறும்வரை, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின்மேல் வெளிக்கொணர்ந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள்.

அந்தப் பைக்கு ஆசிரியர் அஞ்சியதுபோல் கத்திக்கும் அஞ்சவில்லை. முதல் வாரம் மனைவியையும் அருகே விடவில்லை. தாதி ஒருவர் எதிரே அமர்ந்து, அட்டையில் துளையளந்து வெட்டுவது எப்படி, தோல் புண்ணாகாமல் காப்பது எப்படி என்று பொறுமையாகக் கற்பித்தார். கற்பிக்கப் பழகியவர் கற்கவும் பழகினார். பல மாதங்களுக்குப் பிறகு குடல் மீண்டும் இணைக்கப்பட்டது. இன்றும் இருக்கிறார்; காலையில் மூன்று நான்கு முறை ‘வெளியே’ செல்ல வேண்டியிருக்கிறது; தவணை தவறாமல் சோதனைக்குச் செல்கிறார்.

அறுவைக்கு முன்பே மருத்துவர் ஒன்று சொல்லியிருந்தார்: உடன்பிறந்தாரும் மக்களும் பிறரினும் முன்னதாகவே குடலகநோக்கிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மக்களிடம் மனைவி சொல்லிவிட்டார். மாசாய்த் தங்கையிடம் அவர் தாமே சொன்னார். கண்களைப் பாராமல் சொன்னார். எஞ்சியவர் சிகாமாட்டில் இருக்கும் தம்பி. பலநாள் தள்ளிப்போட்டு ஓர் இரவு தொலைபேசியை எடுத்தார்.

“தம்பி, உனக்கு மலத்தோட இரத்தம் ஏதாவது போகுதா?”

“அண்ணே! சாப்பிட உட்கார்ந்திருக்கேன். இந்த நேரத்துல என்ன பேச்சு இது?”

“சரி, சாப்பிட்டு முடி. நான் இப்படியே காத்திருக்கேன்.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், தட்டை நகர்த்திவைக்கும் ஓசை கேட்டது.