பேட்டரியைக் குற்றம் சொன்னேன்

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சனிக்கிழமை இரவெல்லாம் பெய்த மழை ஞாயிறு காலையில்தான் விட்டது. வழியில் இரண்டு பாட்டிமாரை ஏற்றிக்கொண்டு ஆராதனைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

எங்கள் கார் 1989-ஆம் ஆண்டுடையது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய வகை. பக்கவாதத்தில் வலது கை தளரும்வரை அப்பாதான் அதைப் பழுது பார்ப்பார். போன மாதமும் ஒரு மழைநாளில் இப்படித்தான் நின்றது. அவரைக் கேட்காமலே புது பேட்டரி வாங்கி மத்தியானம் மாட்டினேன். கார் கிளம்பியது. கோளாறு பேட்டரியில்தான் என்று நம்பிவிட்டேன்.

இப்போது மறுபடியும் அதே கதை. "இந்தப் பழைய இரும்பை வித்துத் தொலைங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன். அப்பா பதில் பேசவில்லை. காருக்கு முன்னால் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"இஞ்சின் வேகமா சுத்துதாம்மா?"

"சுத்துதுப்பா."

"அப்போ பேட்டரியில பலம் இருக்கு. பெட்ரோல் வாடை?"

"அடிக்குது."

"பெட்ரோலும் வருது. வாடை போகட்டும், பிறகு நெருப்புப் பொறியைப் பாப்போம்."

டப்பாவிலிருந்த பழைய பிளக்கை ஒரு பிளக் வயரில் செருகி, அதன் உலோக உடம்பு இஞ்சினைத் தொடும்படி வைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். தம்பி சாவியைத் திருப்பினான். பொறி இல்லை. நான்கு வயரிலும் இல்லை. காயிலிலிருந்து வரும் நடு வயரில் செருகிப் பார்த்தோம். நீலப் பொறி படபடவென்று தெறித்தது.

"காயில் நல்லாயிருக்கு. அப்போ கோளாறு எங்கே?" அப்பா என்னையே பார்த்தார்.

"மூடியிலயாப்பா?"

"சாவியை நிறுத்திட்டுத் திற."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். கூடவே மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு.

"காயில் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல ஏத்தி அனுப்புது. ஈரத்துல அது இந்த விரிசல் வழியா ஓடிடும், பிளக்குக்குப் போகாது. வெயில்ல காய்ஞ்சா சரியாயிடும். அன்னைக்கு வேலை செஞ்சது வெயில், உன் பேட்டரி இல்ல."

துணியால் துடைத்து மாட்டினோம். இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. பாட்டிமார் இருவரும் குடையோடு வாசலிலேயே நின்றிருந்தார்கள். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கும். கை தளர்ந்ததோடு அப்பா அறிந்ததும் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன்.

திங்கள் மாலை புது மூடியும் ரோட்டரும் மாட்டினேன். 1-3-4-2 என்ற வரிசை தவறக் கூடாது என்பதற்காக, வயர்களுக்கு முதலிலேயே எண் ஒட்டச் சொல்லியிருந்தார்.

"விக்கச் சொன்னேனே, மன்னிச்சிருங்கப்பா."

"மூணாவது வயரைப் பாத்து மாட்டும்மா" என்றார்.