கொடுத்து வைத்தவர்கள்

பிள்ளைக்கு நல்ல வேலை, குணமான மருமகள், நோயில்லாத முதுமை. இவையெல்லாம் ஒருவருக்கு அமைந்துவிட்டால் ஊர் சொல்லும்: ‘கொடுத்து வைச்சவங்க!’ அதிர்ஷ்டம் வடமொழிச் சொல். கண்ணுக்குத் தெரியாதது என்று பொருள். ஆனால் ‘கொடுத்து வைத்தவர்’ என்பதில் ஒளிவுமறைவே இல்லை. முன்பு எப்போதோ யாருக்கோ கொடுத்தது இன்று கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பெற்றவரைப் பாராட்டும் சொல்லுக்குள் கொடுத்த கை ஒன்று இருப்பது எத்தனை அழகு!

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், இந்தச் சொல்லுக்கென்றே பிறந்தவன்போல ஒருவன் ஆண்டிருக்கிறான். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். புறநானூற்றின் 122-ஆம் பாட்டில் கபிலர் அவனுடைய சொத்துக்கு ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறார். அவன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் தொடத் துணியார். ஆனால் அது அந்தணருக்குக் கொடுத்தாயிற்று. துணைக்கு வரச் சொல்லி மூவேந்தரில் ஒருவர் அனுப்பும் பொருளோ, வாழ்த்திக்கொண்டு வரும் இரவலருக்குப் போய்விடும். கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அவனுடையது என்று மிஞ்சுவது மனைவியின் தோள் மட்டும். அப்படியிருந்தும் எத்தனை பெருமிதம் உனக்கு என்று வியந்து பாட்டை முடிக்கிறார் கபிலர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே, ஒரு மனிதன் நிறைவாக இருக்க எவ்வளவு போதும் என்று இத்தனை துல்லியமாக ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

கபிலரின் முடிவும் அதே ஊரில்தான். நண்பன் பாரி மாண்டபின், தகப்பனை இழந்த மகள்களோடு அலைந்தவர் அவர். திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. தென்பெண்ணையின் நடுவே நிற்கும் பாறைக்கு இன்றும் கபிலர் குன்று என்றே பெயர்.

ஆற்றங்கரையை விட்டு மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால் ‘கொடுத்து வைத்தவர்’ என்ற அதே சொல் சுடுகிறது.

கிருஷ்ணதேவராயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜாகீர் என்னும் நில உரிமைகள் அங்கே 1976 வரை நீடித்தன. 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் இருபத்தெட்டு ஆண்டுகள்! மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைப்பையும் கொடுத்தார்கள். பாட்டன், அப்பன், பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக. கொடுப்பதுதான் அதிர்ஷ்டத்துக்கு முதல் என்றால், தமிழ்நாட்டிலேயே பெரிய அதிர்ஷ்டசாலிகள் அவர்களாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? வறுமையில் கிடப்பவரைப் பார்த்து ‘கொடுத்து வைக்காதவன்’ என்று சொல்லிவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தச் சொல், வாங்கிக்கொண்டவரை விட்டுவிட்டுப் பழியைக் கொடுத்தவர் தலையிலேயே கட்டுகிறது. அது கொடுமை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1996-இல்தான் என்று அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. சுதந்திரத்துக்கு 49 ஆண்டுகள் கழித்து! இதில் விதி எங்கே வந்தது? கொடுத்திருக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

அந்த மலையில் விளையும் கடுக்காய் கையில் எடுத்தால் லேசாகத்தான் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாக, நீளவாக்கில் வரி வரியாக. கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் மருந்துக்கு எடுப்பார்கள். தோல் பதனிடவும் அது வேண்டும். மரத்தை நட்டது காடு. பொறுக்கி வருவது மலை மக்களின் கை. அப்படிச் சேகரித்ததைத் தங்களுடையது என்று வைத்துக்கொள்ளவும் விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையைச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2006-இல், வன உரிமைச் சட்டத்தில். காரியின் கணக்கில் கடைசியாக மிஞ்சியதைப் போல, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கூடைக் கடுக்காய்.