உருளும் இல்லம்

மேலைநாட்டார் சுற்றுலாவின் பொருட்டு வீட்டையே வண்டியாக்கினர். வன்னியிலோ, 2008இல் கிளிநொச்சியைவிட்டுத் தருமபுரம், விசுவமடு எனக் கிழக்கே இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாயிற்று. கூரைத் தகடு, கதவு, நெல்மூட்டை யாவும் அதில் ஏறின. அவற்றின்மேற் குழந்தைகளும் அமர்ந்தனர்.

அவ்வாறு ஒரு குடும்பத்தையே சுமக்கவல்ல பழைய டீசல் இயந்திரத்தைச் சிறுதொகைக்கு வாங்க முனைவோர், புதுப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்த்தல் வேண்டும். சூடேறிய இயந்திரம் தன் குறையை மறைத்துவிடும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதையும், ஓயாத கரும்புகை டீசல் முற்றாக எரியாமையையும் உணர்த்தும். உதிரிப்பாகங்கள் அயற்சந்தையிற் கிடைக்குமா என்பதும் ஆராயத்தக்கது. எத்துணை மலிவாகப் பெற்றதாயினும், புறப்படவேண்டிய நாளில் இயங்க மறுக்கும் இயந்திரம் பெருநட்டமேயாகும்.