ஒத்து ஊதுபவன்

(ஓர் ஆனையூர்க்காரன், மூன்றாமாண்டு, மின்னியல் துறை)

கிடார் வாசிக்கிறேன் என்று சொன்னால் நம் காலேஜில் ஒரு மரியாதை உண்டு. ‘பேஸ் கிடார்’ என்று சொல்லிப் பாருங்கள். “நாலு கம்பிதான இருக்கு, மிச்சம் ரெண்டு எங்க மாப்ள?” என்பார்கள். முதலாமாண்டில் என்னிடம் இதைக் கேட்டவர்களின் பெயரைப் போட்டால் மலர்க்குழு இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டி வரும். ஆகவே நண்பர்களே, மூன்று வருடக் கேள்விக்கு ஒரே தடவையில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாகஸ்வரக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். பெரியவர் வாசிப்பார், தவில் பொரியும். பின்னால் ஒருவர் நீளக் குழலை வைத்துக்கொண்டு ஒரே சுருதியை இழுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் குழலில் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. பெயர் ஒத்து. ‘அவன் சும்மா ஒத்து ஊதுறான்’ என்று இன்றைக்கும் திட்டுகிறோமே, அந்த ஒத்து. என் வேலையும் ஏறக்குறைய அதுதான். நான் வாசிப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும், “என்னமோ குறையுதே” என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு இந்த வியாதியைத் தொற்ற வைத்தவர் எங்கள் மாமா. கூடல்நகர் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். சீட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர். ஒருநாள் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் கிடாரை ஊரே வாயால் வாசிக்கும். நானும் வாசித்துக்கொண்டு வந்தேன். மாமா வண்டியை ஓரங்கட்டி, “மேல கேட்டது போதும்யா, கீழ கேளு” என்றார். கேட்டேன். கிடாருக்கு அடியில் இன்னொரு பாட்டு தனியாக நடந்துகொண்டிருந்தது! அத்தனை வருஷம் கேட்ட பாட்டில் பாதியைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இப்போது தேனி மாவட்டம். 1996 வரை நம் மதுரை மாவட்டத்தில் இருந்த ஊர். பேஸுக்கும் அவரே தாளில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாளைப் பார்த்து ஆயிரக்கணக்கான தடவை வாசித்த சசிதரன் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் கீத் பீட்டர்ஸ். இவர்களை எந்தப் போஸ்டரிலும் பார்த்ததில்லை. (பேஸ் வாசிப்பவர்கள் போஸ்டருக்கு ஏங்கக் கூடாது என்று மாமா சொல்வார். அவர் படம் மட்டும் ஆட்டோ பின்னால் ஒட்டியிருக்கும்.)

சரி, சாமானுக்கு வருவோம். முதலாமாண்டு லீவில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். அந்தக் காசில் கல்யாணக் கச்சேரிக்காரர் ஒருவரிடம் பழைய பேஸ் வாங்கினேன். 4,500 ரூபாய். கல்கத்தாப் பக்கம் செய்தது என்றார். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகும்! கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை ஆலன் கீ வைத்துத் திருகினால் நிமிரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரே நாளில் முறுக்கினால் உடைந்துவிடும். தினம் கால் சுற்று. மதுரை வெயிலுக்கு சித்திரையில் ஒரு பக்கம் வளையும், ஐப்பசி மழைக்கு இன்னொரு பக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த வைத்தியம் உண்டு.

நம் வகுப்புக்காரர்கள் ரசிக்கிற கணக்கு ஒன்று. கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். இதை 17.817 ஆல் வகுத்தால் 48.5. முதல் கட்டை அந்த இடத்தில் அடிக்க வேண்டும். மீதியை மறுபடி 17.817 ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது கட்டை சரியாக நடுவில், 432-இல் வந்து நிற்கும். நான் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். என்னுடையதில் மூன்றாவது கட்டை கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அங்கே விரலைச் சற்று முன்னால் வைத்து ஏமாற்ற வேண்டும்.

1951-இல் முதன்முதலாக இந்தச் சாமானைப் பெரிய அளவில் செய்து விற்றவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிடார் வாசிக்கவே தெரியாதவர். அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை நிற்க வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது, டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவும் செய்யாது. அதைத் தோளில் மாட்டுகிற பலகையாக மாற்றியது ஒரு ரிப்பேர்க்காரர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நானே பிக்கப்பைச் சுற்றப் பார்த்தேன். காந்தமும் காயிலும்தானே, ஃபாரடே சொன்னதுதானே என்று இறங்கினால், கம்பி தலைமுடியை விட மெல்லிசு. ஆயிரக்கணக்கான சுற்று! மூன்று தடவை அறுந்தது. கடை முதலாளி, “தம்பி, அஞ்சு ஹெச்.பி. மோட்டார் இருக்கு, அதைப் பாரு” என்றுவிட்டார்.

ஆம்ப்ளிஃபயர் வாங்க வசதியில்லை. வீட்டில் பேஸின் தலையைப் பீரோவில் சாய்த்து வைத்து வாசிப்பேன். பீரோவே ஸ்பீக்கர் ஆகிவிடும். உள்ளே அம்மாவின் வளையல் டப்பாவும் சேர்ந்து தாளம் போடும்.

இரண்டாமாண்டில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். முதல் கச்சேரி எங்கள் ஆனையூரிலேயே ஒரு தெருப் பொங்கல். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். உயிரைக் கொடுத்து வாசித்துவிட்டு வந்தால் தெருமுனை அத்தை, “நீயும் மேடையில நின்ன, எதுக்குய்யா சும்மாவே நின்ன?” என்றார். அத்தை மேல் தப்பில்லை. என் தடித்த கம்பியை மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். குழாய் ஸ்பீக்கருக்கு அதெல்லாம் தொண்டையில் ஏறாது. பேச்சுக்குச் செய்த சாமான் அது. மேலே உள்ள உபஸ்வரங்கள் மட்டும் வரும், மிச்சத்தை நம் காதே நிரப்பிக்கொள்ளும். அத்தையின் காது நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதைத் தமாஷாகச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

பங்குனி மாசம், சமயநல்லூர் தாண்டி ஒரு கிராமம். சாயங்காலம் கோடை மழை பெய்து மேடைப் பலகை ஊறிக் கிடந்தது. கோயில் வாசல், அதனால் காலில் செருப்பில்லை. வாடகைக்கு எடுத்த பேஸ் ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றது. யாரோ சரி செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டில் கோரஸ் பாட மைக் அருகே போனேன். இடது கை கம்பியில். உதடு மைக்கில் பட்டது.

செங்கல்லால் வாயில் அடித்த மாதிரி இருந்தது. கத்த நினைத்தேன், தாடை திறக்கவில்லை. கம்பியைப் பிடித்த கை என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் சாய்ந்து விழுந்தேனே, அதுதான் என்னைக் காப்பாற்றியது. உதடு மைக்கை விட்டு விலகியது. நான் புதுசாக ஏதோ ஸ்டெப் போடுகிறேன் என்று நினைத்து முன்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். பேட் வாசிக்கிற அண்ணன்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

பிளக்கைப் பார்த்தேன். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் கம்பியைக் கழற்றிச் சுருட்டி டேப் ஒட்டியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளே எங்கோ கசிவு. கசிந்த மின்சாரம் பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து ஒயர் வழியாக என் கம்பிகளுக்கு வந்து காத்திருந்தது. மைக் மிக்சர் வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருந்தது. நடுவில் நான்!

வலியை விட வெட்கம் அதிகம். பதினைந்து நாளுக்கு முன்னால்தான் பைப் எர்த்திங் படம் வரைந்து, உப்பு, கரி, இரண்டரை மீட்டர் குழாய் எல்லாம் குறித்து முழு மார்க் வாங்கியிருந்தேன். விடைத்தாளில் எர்த் போட்டவன் மேடையில் பார்க்கவில்லை. 1972-இல் ஸ்காட்லாந்து கிடார்க்காரர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரத்து மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார் என்று பிற்பாடு படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதிலிருந்து பையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 15 வாட் பல்பு. கச்சேரிக்கு முன்னால் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் அளப்பேன். மீட்டர் சில சமயம் சும்மா பயம் காட்டும். பல்பு பொய் சொல்லாது; அது முழுசாக எரிய 65 மில்லி ஆம்பியர் வேண்டும். வீட்டில் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. 30-க்கே விழுந்துவிடும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

ஆடி மாசம், வேறொரு ஊர். மீட்டர் 140 வோல்ட் காட்டியது. பல்பை வைத்தேன். மங்கலாக எரிந்தது. அன்றைக்கு மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியது, பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி ஒன்று. முதல் மேடை. புதுத் தாவணியோடு அவள் அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே நின்றார்கள்.

“எர்த் சரி பண்ணாம யாரும் மேல ஏற வேணாம்ணே” என்றேன்.

குழுத் தலைவருக்குக் கோபம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக் கூடாது. 2000-ஆம் வருஷ விதி, போலீஸ் வந்து நிறுத்திவிடும். மணி அப்போதே ஏழே முக்கால். “நீ வாசிக்க வந்தியா, வயரிங் பாக்க வந்தியா?” என்றார். விழாக் கமிட்டிக்காரர், “எத்தனை வருசமா இப்படித்தான்ப்பா போடுறோம், ஒண்ணும் ஆகல” என்றார். எனக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். மைக் செட் அண்ணன் மட்டும், “பயலுக்கு ஒருதடவ அடிச்சிருக்கு, அவன் சொல்றதக் கேளுங்க” என்று ஒயரைக் கையில் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே லைனில் கொண்டுவந்து, எர்த் கம்பியை மாட்டி, இரைச்சலுக்கு ஒரு டி.ஐ. பாக்ஸ் போட்டு முடிக்க நாற்பது நிமிஷம். அந்தப் பெட்டியில் சிக்னலின் எர்த்தை மட்டும் விலக்க ஒரு சுவிட்ச் உண்டு. பிளக்கின் எர்த்தைத் தொடவே தேவையில்லை.

பல்பை வைத்தேன். எரியவில்லை. அந்தப் பொண்ணு ஏறி நன்றாகவே பாடியது. அதற்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

ஏழு பாட்டு குறைந்தது. கமிட்டி பணத்தைக் குறைத்தது. எனக்கு வர வேண்டிய ஐநூறு வரவில்லை. அடுத்த கச்சேரிக்கும் அழைப்பு வரவில்லை. விசாரித்தால், “பேஸை கீபோர்டுக்காரர் இடது கையில பாத்துக்கிறாரு” என்றார்கள். ஒத்துக்காரர் இருந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் அதே கதி. இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வேனில் ஓர் ஆள் குறைந்தால் ஒரு சம்பளமும் ஒரு பரோட்டாச் செலவும் மிச்சம். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ராத்திரி கூடல்நகரில் கூட்ஸ் வண்டி போகிறபோது அந்தத் தடதடப்புக்குச் சேர்த்து வாசிக்கக் கை பரபரக்கும். பேஸை உறையிலிருந்து எடுக்கவே மாட்டேன். ஐந்து மாசம் அப்படிப் போயிற்று. விற்றுவிடலாம் என்று ஒருவரைக் கூட்டிவந்து விலையும் பேசினேன். அவர் மூன்றாவது கட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தப்பாக அடித்த கட்டைக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன்.

தை பிறந்ததும் மைக் செட் அண்ணன் போன் பண்ணினார். வேறொரு குழுவுக்கு ஆள் வேண்டுமாம். “வாசிப்பு சுமார்தான், ஆனா பல்போட வருவான்னு சொல்லியிருக்கேன்” என்றார். போனேன். இப்போது மாசம் இரண்டு மூன்று கச்சேரி. பேஸ் வாசிக்கிறவன் என்பதை விட ‘பல்புத் தம்பி’ என்றுதான் தெரிகிறது. ஒரு கமிட்டிக்காரர் என்னிடம் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று கூட்டிப்போய்க் காட்டினார். கப்பாசிட்டர் போயிருந்தது.

இந்தச் சனிக்கிழமை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. திங்கட்கிழமை மெஷின்ஸ் அரியர். புதுக் கம்பி வாங்கக் காசு இல்லை, அதனால் பழையதைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கப் போட்டிருக்கிறேன். விரல் அழுக்கும் வேர்வையும் இறங்கிவிட்டால் ஒரு வாரத்துக்குப் புதுசு மாதிரி பேசும். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள்: “அந்த இட்லிச் சட்டிய எப்பய்யா தரப் போற? மணி எட்டாகுது!”