வால்டியின் முதுகு

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாய் 'வளர்த்தோம்' என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. நாய் இருந்தது, அவ்வளவுதான். கோடிப்புறத்தில் படுத்து, மிஞ்சிய சோற்றைக் குழம்போடு தின்று, இரவில் படலைக்கு வெளியே யார் நடந்தாலும் குரைத்து, ஒருநாள் காணாமற் போகும். வரியும் இல்லை, வைத்தியரும் இல்லை. ஜேர்மனியிலோ நாய்க்கு நகரசபைக்கு வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு தகடு தொங்கும். எங்களிடம் மூன்று மாதத்துக்கொருமுறை நீட்டிக்கும் 'டுல்டுங்' கடதாசி மட்டும் இருந்த காலத்தில், இந்த நாட்டு நாய்களின் வதிவிட உரிமை எங்களுடையதைவிடப் பலமானது என்று பகிடி விட்டுத் திரிந்தோம்.

அப்படியான எங்கள் வீட்டுக்கு ஒரு டக்ஸ்ஹுண்ட் வந்து சேர்ந்தது 2016இல். இங்கே அதை 'டக்கல்' என்பார்கள், வேட்டைக்காரர் 'டெக்கல்' என்பார்கள். கீழ்மாடியிலிருந்த கிழவி, எங்கள் பிள்ளைகளுக்கு 'ஓமா', முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அந்த இல்லத்தில் நாயை ஏற்கமாட்டார்கள். வால்டிக்கு அப்போது ஏழு வயது. விலங்குக் காப்பகத்தில் விட்டால் அந்த வயதில் அதை யார் எடுப்பார்? ஓமா எங்களிடம் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. கோப்பியை ஊற்றிக்கொண்டு, 1945இல் எட்டு வயதில் தாயோடு சிலேசியாவை விட்டு ஓடிவந்த கதையைச் சொன்னார். வீட்டு நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டார்களாம். அது வண்டிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வந்தது என்பதைத் தாய் கடைசிவரை சொல்லவேயில்லையாம்.

எங்களில் ஒருவர் 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். மற்றவர் அதற்கு முன்னரே இங்கே வந்துவிட்டவர். பாலம் வரைக்கும் காலடியில் வந்து சனத்துக்குள் தவறிப்போன ஒரு கறுத்த நாயைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு முன் கதைத்ததில்லை. அன்றிரவு கதைத்தோம். அடுத்த வாரம் வால்டியின் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம்.

'டக்ஸ்' என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் மிருகம். எங்கள் ஊரில் இல்லை. தமிழில் வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். அதன் வளைக்குள் இறங்கி அதை எதிர்க்கவென்றே உண்டாக்கப்பட்டது இந்த நாய். குட்டைக் கால், நீண்ட உடல், ஆழமான மார்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல் எல்லாம் அதற்காகத்தான். மண்ணுக்குள் நிற்கும் நாய் எங்கே நிற்கிறது என்று மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? இந்த இனத்துக்கான சங்கம் 1888இலேயே பேர்லினில் தொடங்கப்பட்டுவிட்டது. உயரத்தை வைத்தல்ல, மார்பின் சுற்றளவை வைத்தே மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். எந்த வளைக்குள் நுழையும் என்பதுதான் கணக்கு. மயிரும் மூன்று வகை: குட்டை, நீளம், கம்பி போன்றது. வால்டி கம்பி மயிர்க்காரன், கிழவாத்தியார் தாடியோடு. மியூனிக்கில் 1972இல் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குச் சின்னமாயிருந்த நிறநிறமான டக்கலின் பெயரும் வால்டிதான். இந்த நாட்டில் அது எங்கள் பக்கத்து 'வீமன்' மாதிரி ஒரு பெயர்.

குணத்துக்கும் காரணம் அந்த வளைதான் என்று எங்களுக்குப் படுகிறது. இருட்டில், எசமான் குரல் எட்டாத இடத்தில், முன்னேறுவதா பின்வாங்குவதா என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டிய நாய் அது. அப்படிப்பட்டதிடம் 'இரு' என்றால் உடனே இருக்குமா? யோசிக்கும். யோசித்து, இருப்பதில் தனக்கு என்ன லாபம் என்று கையைப் பார்க்கும். அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். இறைச்சித் துண்டுக்கும் பொறுமைக்கும் மட்டுமே படியும். வீட்டில் ஒருவரைத் தனக்கென்று தெரிவு செய்துகொள்ளும். அந்த ஒருவர் நாங்கள் இருவருமல்ல, எங்கள் இளைய மகன். அந்நியரோடு சிநேகமில்லை. பல இனங்களை ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடுகடுப்பில் முன்வரிசையில் நின்ற இனங்களில் டக்ஸ்ஹுண்டும் ஒன்று. அல்சேஷனைக் கண்டால் வெருண்டு வீதியின் அடுத்த கரைக்குப் போகும் எங்கள் விருந்தினர், முழங்கால் உயரமில்லாத இதைத் தடவக் குனிவார்கள். அவர்களிடம், அது வந்து மணக்கட்டும், நீங்கள் கையை நீட்டவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவோம். சின்னப்பிள்ளைகள் இழுத்துக் கட்டிப்பிடிப்பதையும் அது பொறுக்காது. தோண்டுவதோ பிறவிக்குணம். மூன்று குளிர்காலம் தப்பவைத்த கறிவேப்பிலைக் கன்றை ஒரு பிற்பகலில் சாடியோடு கவிழ்த்து, வேர்வரை ஆராய்ந்துவிட்டது.

சாப்பாடுதான் எங்கள் வீட்டில் பெரிய சங்கடம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் செங்கலங்களை அழிக்கும். அவை இரண்டும் இல்லாத எங்கள் கறி எது? ஊரில் அவ்வளவு நாயும் குழம்புச்சோறு தின்றுதானே வளர்ந்தன என்று மாமி கேட்டா. வளர்ந்தன. எத்தனை வயது மட்டும் என்று நாங்கள் எவரும் எண்ணவில்லை. முந்திரிகைப்பழம், சொக்கிளேற் இரண்டுமே கூடாது. வால்டி வரும்போது 11 கிலோ; ஓமாவின் பிஸ்கற்றின் விளைவு. 9 கிலோவுக்கு இறக்கவேண்டும் என்றார் மிருகவைத்தியர். அதற்கு எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.

எடை அழகுக்காக அல்ல, முதுகுக்காக. கால்களைக் குட்டையாக்கும் மரபணுக் கூறு ஒன்றை 2009இல் கண்டுபிடித்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையிலுள்ள தட்டுகளை இளவயதிலேயே இறுகச்செய்கிறது என்று 2017இல் எழுதினார்கள். இறுகிய தட்டு ஒருநாள் வெடித்துப் பிதுங்கி நரம்பை நெரிக்கும். ஏறத்தாழ நான்கு டக்ஸ்ஹுண்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் இது வருகிறது. ஆகவே படியில் தூக்கிக்கொண்டு போகவேண்டும், ஒரு கை மார்புக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே. கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்புப்பட்டி. செற்றிக்கு ஒரு சாய்வுப் பலகை. இவ்வளவையும் செய்தும் 2018 வைகாசியில் ஒரு காலை, வால்டியின் பின்னங்கால்கள் குடித்தவன் கால்போல ஒன்றோடொன்று பின்னின.

வைத்தியர் விரலிடுக்கை இடுக்கியால் நெரித்துப் பார்த்தார். நாய் திரும்பிச் சீறியது. நல்லது, உணர்ச்சி இருக்கிறது, தள்ளாடியாவது நடக்கிறது என்றார். ஆறு கிழமை கூட்டுக்குள் அடைத்து ஓய்வு, வலிக்கு மருந்து. நடை நின்றால் உடனே, மணித்தியாலக் கணக்கில், அறுவைச்சிகிச்சை. அதற்கான தொகையையும் சொன்னார். அந்தத் தொகைக்கு மிகக்கிட்ட எங்களிடம் ஒரு காசு இருந்தது. கிளிநொச்சியில் அக்காவின் வீட்டுக் கூரைக்கென்று சேர்த்தது. மழைக்கு முன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தோம்.

ஒரு நாய்க்கோ என்று கேட்கக்கூடிய ஆட்கள் எங்களுக்கு நிறைய. கேட்டால் சொல்ல எங்களிடம் நல்ல பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஒருவர் கூரை என்றோம், ஒருவர் வால்டி என்றோம், மறுநாள் பக்கம் மாறிக்கொண்டோம். அக்காவுக்கு நாங்களே ரெலிபோன் எடுத்துச் சொன்னோம். அவ கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "தறப்பாள் இன்னும் ஒரு மாரிக்குத் தாங்கும். அந்த மனுசிக்கு வாக்குக் குடுத்தனீங்கள்தானே" என்றா.

ஆறு கிழமையும் முறைவைத்துக் கூட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மூத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இடுப்புக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தோம். நடை நிற்கவில்லை. ஏழாம் கிழமை, பின்பக்கம் சற்றே ஒருபக்கம் சாய, தபால்காரரைக் குரைத்துத் துரத்தினான். ஆவணியில் கூரைக்காசு போனது.

ஞாயிறுகளில் ஓமாவின் இல்லத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவோம். பிந்திய நாட்களில் ஓமா எங்கள் பெயர்களை மறந்துபோனார். பாய்கிறானா, பாயவிடாதீர்கள் என்பதை மறக்கவில்லை. வால்டி 2023 மாசியில், பதினாலாவது வயதில், செற்றிக்குக் கீழே படுத்தபடியே போனான். முதுகால் அல்ல, இருதயத்தால்.

போன மாதம் பெறாமகள் ஒருத்தி டக்கல் குட்டியொன்று வாங்கப்போவதாக ரெலிபோன் எடுத்தாள். எத்தனையாம் மாடி என்று கேட்டோம். நாலாம் மாடி, லிஃப்ற் இல்லை என்றாள். ஒருநாளைக்கு நாலுதரம் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கவேண்டும், பதினாலு வருசத்துக்கு என்றோம். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"ஒன்பது கிலோதானே, சித்தி" என்றாள்.