அருகருகே நிறுத்துகிறவர்



நம் குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையை நீங்கள் அறிவீர்கள். அத்தனை ஆடுகளின் நடுவிலும் தாய் ஆடு தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் கண்டுகொள்கிறது. ஒரு வேதியியல் முறையைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் வாசித்தபோது அக்காட்சியே என் நினைவுக்கு வந்தது.

இரு பொருள்கள் வினைபுரிய வேண்டுமானால், பொதுவாக அவற்றைச் செறிவாகக் கலந்து சூடேற்றுவார்கள். நம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததே. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் லியூவும் அவருடைய மாணவர்களும் 2001 முதல் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒவ்வொரு பொருளையும் ஒரு சிறு டிஎன்ஏ இழையின் நுனியில் இணைத்து, மிகமிக நீர்த்த கரைசலில் விட்டார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் சில பங்கு என்னும் அளவு அது. தாமாகச் சந்திப்பது அரிது. ஆனால் டிஎன்ஏவின் எழுத்துகளில் 'ஏ' 'டி'யோடும், 'ஜி' 'சி'யோடும் இணையும். எழுத்து பொருந்திய இழைகள் சேர்ந்தன. நுனியிலிருந்த பொருள்கள் அருகருகே வந்து பிணைந்தன. வினைபுரியக் கூடியவையாய் இருந்தும், எழுத்து பொருந்தாதவை அதே குழாயில் அப்படியே நின்றன.

இது மனிதனின் புதுமை என்று எண்ணாதிருங்கள். நம் உயிரணுக்களில் ரைபோசோம் என்றொன்று உண்டு. 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதன் அமைப்பை ஆராய்ந்து, 2009-ல் வேதியியல் நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். டிஎன்ஏவிலிருந்து படியெடுத்த எழுத்துகளை மும்மூன்றாக வாசித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தைக் கட்டுகிறது அது. அங்கும் பெரும்பணி, சேரவேண்டியவற்றைச் சரியான நிலையில் அருகே நிறுத்துவதே.

வாசித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. வரப்புத் தகராறினால் பேசாதிருந்த இரு சகோதரரை நான் ஒருநாள் என் அறைக்கு அழைத்து, மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்து, இன்றே கைகொடுங்கள் என்று நெருக்கியிருந்தேன். கொடுத்தார்கள். மறுவாரம் இளையவர் ஆலயத்துக்கு வரவில்லை. கூடாரத்தைக் கட்டச் சொன்ன தேவன் மோசேக்கு மலையில் மாதிரியைக் காட்டினார் (யாத்திராகமம் 25:40). நானோ மாதிரியைக் கேளாமல் சூடேற்றினேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. விருந்துச் சமையலில் இருவரையும் ஒரே அடுப்புக்கு நியமித்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. (அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) விடியற்காலையில் மூத்தவர் சோற்றுப் பதம் பார்த்து அகப்பையை நீட்டினாராம். "இன்னும் கொஞ்சம் வேகட்டும் அண்ணா" என்றாராம் இளையவர். பதினான்கு மாதத்தில் அதுவே முதல் பேச்சு.

வரப்பு இன்னும் அளக்கப்படவில்லை.